ஹால்ஸ்டெட் தெருவில் யார் வெளியாள்?

சிகாகோவின் ஹால்ஸ்டெட் தெருவைப் பற்றி ஒரு பேச்சு உண்டு. பால்புதுமையருக்கென்று அங்கே ஒரு மையத்தைத் திறந்தார்களாம். அதைச் சாக்கிட்டு எங்கெங்கிருந்தோ வரும் பிள்ளைகளால் தெருவே கெட்டுப்போனதாம். 2011 கோடையில் அங்கே ஒரு கத்திக்குத்து நடந்ததும் இந்தப் பேச்சு கூச்சலானது. தெருவை மீட்போம் என்று ஒரு கூட்டம் கிளம்பியது. மையத்துக்கு வரும் கறுப்பின இளைஞர்கள் மேல் பழி விழுந்தது.

இந்தப் பழியை என்னால் சகிக்க முடியவில்லை.

அந்த வட்டாரத்தின் கதையையே எடுத்துக்கொள்வோம். எழுபதுகளிலும் எண்பதுகளிலும் சிற்றூர்களில் வாழ முடியாமல் ஓடிவந்த தன்பாலீர்ப்பாளர்கள் குடியேறிய இடம் அது. அவர்களும் பெட்டியோடு வந்து இறங்கிய வெளியூர்க்காரர்கள்தாம். தாம் ஒதுங்க இடம் கிடைத்த தெருவில், அடுத்து ஒதுங்க வருகிறவனை வெளியாள் என்று சொல்ல அவர்களில் சிலருக்கே எப்படி மனம் வந்தது?

இன்னொன்று. அருகிலுள்ள அடிசன் ரயில் நிலையத்தை ஒட்டியே ரிக்லி ஃபீல்ட் பேஸ்பால் மைதானம் இருக்கிறது. ஆட்டம் நடக்கும் நாளில் 40,000 பேர் வரை அங்கே கூடுகிறார்கள். குடிக்கிறார்கள், தெருவை அடைத்துக்கொண்டு கத்துகிறார்கள். அவர்களில் பெரும்பாலோர் அந்த வட்டாரத்துக்காரர்கள் அல்லர். அதற்காக மைதானத்தின் மேல் இப்படிப் பழி விழுவதில்லை. அதே நிலையத்தில், ரெட் லைன் ரயிலின் தென்கோடியான 95ஆம் தெருவில் ஏறிய பதினேழு வயதுக் கறுப்பினப் பையன் இறங்கினால் மட்டும் வட்டாரத்துக்கு ஆபத்து வந்துவிடுகிறது. இது நிறம் பார்க்கிற பயம். பாதுகாப்பு என்பது வெறும் பெயர்.

மையம் பால்புதுமையருக்கு மட்டும்தான் என்பதும் பொய். 1973இல் தொடங்கிய தொண்டு அமைப்பு, 2007இல் 'சென்டர் ஆன் ஹால்ஸ்டெட்' என்ற பெயரில் இந்தக் கட்டடத்துக்கு வந்தது. திறந்தபோதே அதே கட்டடத்தில் பெரிய மளிகைக் கடையும் வந்தது. காய்கறிப் பையோடு போகிற பாட்டியும், எச்ஐவி பரிசோதனைக்கு வந்தவரும், கூடைப்பந்து ஆட வந்த பிள்ளையும் ஒரே கூரையின் கீழ் நடமாடினார்கள். பக்கத்திலேயே பழைய டவுன் ஹால் காவல் நிலையம். ஒரு காலத்தில் மதுக்கூடங்களில் புகுந்து பால்புதுமையரைப் பிடித்துப்போனது சிகாகோ காவல்துறை. தன்பாலுறவு குற்றமல்ல என்ற சட்டம் இல்லினாயில் 1962இலேயே நடைமுறைக்கு வந்தும் அந்த வேட்டை நிற்கவில்லை. 2014இல் அந்த நிலையத்தோடு சேர்த்து, வருமானம் குறைந்த முதியோருக்காக 79 வீடுகள் திறக்கப்பட்டன. 55 வயது நிரம்பிய யாரும் விண்ணப்பிக்கலாம். எந்தப் பாலீர்ப்பு என்று கேட்டு ஒதுக்கக் கூடாது.

ரெட் லைனில் வருகிற அந்தப் பையன் ஏன் அவ்வளவு தூரம் வருகிறான் என்று கேட்டால் போதும். அவனை அவன் பெயரால் கூப்பிடவும், உட்கார வைத்துப் பேசவும், வீட்டைவிட்டுத் துரத்திவிட்டார்கள் என்று சொன்னால் நம்பவும் மையத்தில் ஆள் இருக்கிறது. இரவில் மையத்தின் கதவு மூடியதும் அவன் தெருவுக்கு வருகிறான். ரெட் லைன் விடிய விடிய ஓடுகிறது. போக்கிடமில்லாதவர்கள் அதில் ஏறி, இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்குமாகத் தூங்கியபடி இரவைக் கழிக்கிறார்கள். தெருவை மீட்கக் காவலர் எண்ணிக்கையைக் கூட்டச் சொன்னவர்கள், அந்தக் கதவை இரவிலும் திறந்துவைக்கப் பணம் கேட்டிருக்க வேண்டும்.