நின்ற காரில் சப்தம்: பேயா? பம்பா?

தாம்பரத்துக்கு அடுத்த பெருங்களத்தூரில் நமது நண்பர் ஒருவர் மின்சாரக் கார் ஒன்று வாங்கினார். வாங்கின அன்றே நான்கு சக்கரங்களுக்கும் எலுமிச்சம்பழம் வைத்து நசுக்கி, பூசணிக்காய் உடைத்து, கற்பூரம் கொளுத்தி, தட்சணையும் கொடுத்தாகிவிட்டது. இவ்வளவு காவலும் செய்யப்பட்ட கார், சில நாள் கழித்து, நடுநிசியில் ஆளில்லாமலே "டக்" என்று அடித்து, "உம்" என்று சிறிது நேரம் முனகி, நின்று, மறுபடியும் முனக ஆரம்பித்தது. சில இரவு முனகும். சில இரவு முனகாது. சாவியோ வீட்டுக்குள் ஆணியில் தொங்குகின்றது.

பிறகு நடந்ததை வாசகர்களுக்கு நாம் சொல்ல வேண்டியதே இல்லை. ஜோசியர் வந்தார், ஐந்நூறு ரூபாய் வாங்கினார், "அமங்கலம் ஒன்று வாசலைக் கடக்கின்றது" என்றார். மாடி அறையில் குடியிருப்பவர் ஒரு விதவை அம்மையார். இரண்டாவது ஷிப்டு முடிந்து அவர் படியேறுவது இரவு 12 மணி சுமாருக்கு. சப்தமும் அதே நேரத்தில்! வேறு சாட்சி எதற்கு? மாதக் கடைசிக்குள் வீட்டைக் காலி செய்யும்படி அம்மையாருக்குச் சொல்லியாகிவிட்டது. தன் கையால் உழைத்து இரண்டு பிள்ளைகளைப் படிக்க வைக்கும் ஒரு பெண், ஒரு கார் முனகியதற்காகத் தெருவில் நிற்க வேண்டுமாம்!

இந்தச் சங்கதி நம் காதுக்கு எட்டியது. நாம் எஞ்சினீயர் அல்ல. ஆனால் எண்ணவும் எழுதவும் நமக்குத் தெரியும். "பத்து நாள் பொறுங்கள். ஒரு நோட்டு வாங்கி, சப்தம் கேட்டதா, மணி என்ன, சார்ஜ் ஒயர் மாட்டியிருந்ததா, அம்மையார் அன்று வேலைக்குப் போனாரா என்ற நான்கு விஷயங்களை மட்டும் தினம் எழுதுங்கள்" என்று கேட்டுக்கொண்டோம்.

கணக்கு வந்தது. ஆறு இரவு நடுநிசியில் சப்தம். ஆறு இரவிலும் ஒயர் மாட்டியிருந்தது. அதில் இரண்டு இரவு அம்மையார் ஊரிலேயே இல்லை. ஒயர் மாட்டாத நான்கு இரவிலும் அம்மையார் வழக்கம்போல் 12 மணிக்குப் படியேறினார். கார் வாய் திறக்கவில்லை. ஒரே ஒரு நாள் மட்டும் விடியற்காலை 3 மணிக்கு ஒரு "டக்". அப்போது அம்மையார் நன்றாய்த் தூங்கிக்கொண்டிருந்தார்.

பிறகுதான் நண்பரின் மகனுக்கு ஞாபகம் வந்தது. 12 மணிக்கு மேல்தான் சார்ஜ் ஏற வேண்டும் என்று கைப்பேசியில் நேரம் குறித்துவிட்டு மறந்துவிட்டானாம். நேரம் வந்ததும் காருக்குள் இருக்கும் சுவிட்சு தானாகவே மின்சாரத்தைச் சேர்த்துவிடுகின்றது, அதுதான் "டக்". சார்ஜ் ஏறும்போது சூடு உண்டாகின்றது, சூட்டைத் தணிக்கப் பம்பும் விசிறியும் ஓடுகின்றன, அதுதான் "உம்". சூடு தணிந்தால் நிற்கும். ஏறினால் மறுபடி ஓடும். 3 மணிக் கதை வேறு. பெரிய பாட்டரி போக, விளக்குக்கும் பூட்டுக்குமாக 12 வோல்ட்டு சிறிய பாட்டரி ஒன்றும் காரில் உண்டு. அது இறங்கினால் பெரியது விழித்து அதை நிரப்புகின்றது. இதில் அமங்கலம் எங்கே? விதவை எங்கே?

தோழர்களே! கடற்கரையிலிருந்து தாம்பரத்துக்கு மின்சார ரயில் ஓட ஆரம்பித்தது 1931 இல். இன்றைக்கும் பிளாட்பாரத்தில் நிற்கும் ரயிலின் அடியில் திடீரென்று தடதடவென்று ஒரு சப்தம் கேட்டு, திடீரென்று நிற்கும். பிரேக்குக்கு வேண்டிய காற்று குறைந்தவுடன் அதை நிரப்பும் கம்ப்ரசர் அது. அதற்காக எந்தப் பிரயாணியாவது எலுமிச்சம்பழம் கட்டினாரா? பக்கத்து சீட்டு அம்மாளை இறங்கச் சொன்னாரா? இல்லையே! பழகின சப்தம் யந்திரம். பழகாத சப்தம் பேய் என்றால், பேய் இருப்பது காரிலா, நம் அறியாமையிலா?

சப்தம் எல்லாம் சாதாரணம் என்றும் நாம் சொல்லவில்லை. எலி புகுந்து ஒயரைக் கடித்தாலும் சப்தம் வரும். முடிச்சூர்ப் பக்கம் 2015 இலும் 2023 இலும் வந்ததுபோல் வெள்ளம் வந்து காருக்குள் நீர் புகுந்தால், ஆள் காட்டிச் சோதிக்காமல் அதை இயக்கவோ சார்ஜ் ஏற்றவோ கூடாது. ஆரஞ்சு நிற ஒயரைத் தெரியாதவர் தொடவே கூடாது. பாட்டரிப் பக்கம் "உஸ்" என்ற சீற்றமோ, புகையோ, காரமான நெடியோ வந்தால் தூர விலகி 101க்குச் சொல்ல வேண்டும். அந்த நேரத்தில் பேய் ஓட்டக் கற்பூரம் கொளுத்துகின்றவன் தன் வீட்டுக்குத் தானே கொள்ளி வைப்பவனாவான். பொய்க் காரணத்தை நம்புவதால் பணம் மட்டுமல்ல, உண்மை ஆபத்தைக் கண்டுபிடிக்க வேண்டிய நேரமும் போய்விடுகின்றது.

அம்மையார் இன்னும் அதே மாடியில்தான் இருக்கின்றார். ஜோசியர் வாங்கிய ஐந்நூறு ரூபாய் திரும்பி வரவில்லை. நண்பர் அம்மையாரிடம் ஒரு மன்னிப்பாவது கேட்டாரா என்றால், அதுவும் இல்லை. "வெட்கமாய் இருக்கின்றது" என்கின்றார். ஒரு பெண்ணை வெளியேறச் சொன்னபோது வராத வெட்கம், மன்னிப்புக் கேட்கும்போது மட்டும் வருவானேன்? பணம் போனால் போகட்டும். அந்த மன்னிப்பை அவர் இன்றைக்கே மாடியேறிப் போய்க் கேட்க வேண்டும் என்று இதன் மூலம் கேட்டுக்கொள்ளுகின்றோம்.