கொல்லையில் அரத்தை

உப்பங்கழி சூழ்ந்த முத்துப்பேட்டையில் அரத்தை வளருமோ என்று நகைப்பாரும் உளர். அந்நகைப்பு வீண் என்பதே என் துணிபு. அரத்தையைக் கெடுப்பது நம் களிமண்ணன்று. அதன்மேல் தேங்கும் மழைநீரே. ஐப்பசி, கார்த்திகையில் நீர் நிற்குமாயின் கிழங்கு அழுகிவிடும். ஆதலின் முழங்காலளவு மேடு கட்டி, மணலும் மக்கிய சாணமும் கலந்து, ஆனியில் முளையுள்ள பச்சைக் கிழங்கை ஊன்றல் வேண்டும். கடையில் வாங்கும் உலர்ந்த துண்டு முளையாது. கோடையில் கிணற்று நீர் உவர்க்குமிடத்து, அரிசி கழுவிய நீரை ஊற்றலாம். நாடோறும் வீணே போவது அதுதானே!

2018 நவம்பர் 16-இல் கஜா புயல் நம் தென்னைகளைச் சாய்த்தது. தென்னங்கன்றுகளை மீண்டும் நட்டோம். அவற்றின் நிழலிற் கிடந்த மருந்துச் செடிகளையோ மறந்தோம். கன்று நிழல் தருங்காறும் காத்திருப்பானேன்? அரத்தைக்கு முருங்கையின் அரைநிழலே போதும்.

சிற்றரத்தையும் பேரரத்தையும் ஒன்றென எண்ணற்க. பேரரத்தை ஆளுயரம் வளரும். கிழங்கு முற்ற ஓராண்டிற்கு மேலாகும். இருமலுக்குப் பாட்டியர் கஷாயமிடுவது சிற்றரத்தையே. எது எதுவென முகர்ந்தே கூறவல்ல அம்மூதாட்டியர் இன்னும் நம்மிடையே உள்ளனர். இவ்விடுமுறையிலேயே அவர்களைக் கேட்டு நடுவோமாக. கிழங்கு வேண்டுவோர்க்கு எங்கள் மேட்டிலிருந்து இரண்டொரு துண்டு தர இயலும்.