சோலை வரிக் கடிதத்தைப் பிரித்துப் பாருங்கள்

கொள்முதலில் ஒரு ரூபாவைக்கூட விட்டுக்கொடுக்காத நமது வியாபாரிகள் பலர், நகர சபையிலிருந்து வரும் சோலை வரிக் கடிதத்தைப் பிரிக்காமலே லாச்சியில் போட்டு விடுகிறார்கள். நட்டம் அங்கேதான் தொடங்குகிறது.

இவ்வரி நமது வருமானத்துக்கோ வீட்டின் விற்பனை விலைக்கோ உரியதல்ல. அந்த ஆதனம் ஆண்டொன்றுக்கு எவ்வளவு வாடகை பெறும் என மதிப்பிட்டு, அந்த ஆண்டுப் பெறுமதியில் ஒரு வீதமே அறவிடப்படுகிறது. உதாரணமாக, ஆண்டுப் பெறுமதி 60,000 ரூபா, வீதம் 10 என்றால் வரி 6,000 ரூபா. முழுத் தொகையையும் ஜனவரி 31க்குள் செலுத்தினால் 10 சதவீதக் கழிவு உண்டு, 5,400 போதும். காலாண்டு வரியை அக்காலாண்டின் முதல் மாதத்தில் செலுத்தினால் 5 சதவீதம் கழிவு. நிலுவை வைத்தால் வாரண்ட் செலவு சேரும். பொருட்களைப் பறிமுதல் செய்யவும் சபைக்கு அதிகாரம் உண்டு.

மதிப்பீடு அதிகமென்று கவுண்டரில் சத்தம் போட்டுப் பயனில்லை. மதிப்பீட்டு அறிவித்தலில் குறித்த திகதிக்குள் எழுத்தில் ஆட்சேபியுங்கள். பக்கத்துக் கடையின் ஆண்டுப் பெறுமதியையும் ஒப்பிட்டுக் காட்டுங்கள்.

மர்ஹூமான வாப்பாவின் பெயரிலேயே கிடக்கும் வரிப் பதிவையும் உறுதியைக் காட்டி மாற்றிக்கொள்ளுங்கள். அறிவித்தல் உரியவர் கைக்கு வந்தால்தான் ஆட்சேபிக்கவும் முடியும். ஆனால் வரிப் பற்றுச்சீட்டு ஒருபோதும் உறுதிக்கு ஈடாகாது.

சரக்குக் கணக்கைப் போல இதையும் பாருங்கள்.