மும்மயக் கெளுத்தி: எடைக்கு முன் சான்று

மும்மயக் கெளுத்தி, அதாவது வழக்கமான இரண்டுக்குப் பதில் மூன்று குரோமோசோம் தொகுதிகள் கொண்ட மீன், இயல்பான இருமய மீனைவிட வேகமாக வளருமா? 1982-இல் அமெரிக்காவில் வோல்டர்ஸ் குழுவினர் தொட்டிகளில் வளர்த்த சேனல் கெளுத்திகளில், எட்டு மாதத்துக்குப் பிறகு மும்மய மீன்களே எடை கூடியிருந்தன. 1987-இல் ஆப்பிரிக்கக் கெளுத்தியை ஆராய்ந்த ஹெங்கன் குழுவினருக்கு அப்படித் தெளிவான முன்னிலை எதுவும் தென்படவில்லை. நைஜீரியப் பொரிப்பகங்களிலும் பல்கலைக்கழகங்களிலும் இந்த ஒப்பீடு இன்றும் தொடர்கிறது.

செய்முறை எளியது. கருவுற்ற சில நிமிடங்களில் முட்டைகளை ஏறத்தாழ 5 டிகிரி செல்சியஸ் குளிர்நீரில் 20 நிமிடம் வைத்தால், ஒரு குரோமோசோம் தொகுதியோடு வெளியேற வேண்டிய இரண்டாம் துருவ உடலம் உள்ளேயே தங்கிவிடும். 56 குரோமோசோம்கள் இருக்க வேண்டிய ஆப்பிரிக்கக் கெளுத்திக் குஞ்சுக்கு 84 கிடைக்கும்.

சிக்கல் அதன் பிறகுதான். குளிர் அதிர்ச்சி எல்லா முட்டைகளிலும் பலிப்பதில்லை. அதிர்ச்சி கொடுத்த தொட்டியின் குஞ்சுகள் அனைத்தையும் 'மும்மயம்' என்று எழுதிவிட்டால், கலப்புக் கூட்டத்தைத்தான் அளக்கிறோம். எது மும்மயம் என்று அறியப் பெரிய கருவி தேவையில்லை: மும்மய மீனின் இரத்தச் சிவப்பணுவும் அதன் உட்கருவும் பெரியவை, ஒரு துளி இரத்தமும் நுண்ணோக்கியும் போதும். ஐயம் எழுந்தால் குரோமோசோம்களை எண்ணலாம்.

இன்னொரு பிழை இருப்படர்த்தியில், அதாவது தொட்டியில் மீன்களின் நெருக்கத்தில், ஒளிந்திருக்கிறது. அதிர்ச்சியில் பல கருக்கள் இறந்துபோவதால் அந்தத் தொட்டியில் குஞ்சுகள் குறைவு. இடமும் தீவனமும் தாராளமாகக் கிடைத்த மீன் பெருத்தால், அந்தப் பெருமையைக் குரோமோசோமுக்குக் கொடுப்பது எப்படிச் சரியாகும்? முந்திப் பெருத்த குஞ்சு மற்றவற்றைத் தின்னும் இனம் ஆப்பிரிக்கக் கெளுத்தி என்பதையும் மறக்கக் கூடாது.

காலமும் முக்கியம். மும்மயத்தின் உண்மையான ஆதாயம் மலட்டுத்தன்மை. சினைக்குப் போகும் சத்து சதைக்குத் திரும்ப வேண்டும். பருவமடையும் முன் சோதனையை முடித்தால் அது தெரிய வழியில்லை. பருவமடைந்த பின் முழு எடையை மட்டும் பார்த்தாலும் ஏமாற்றமே, ஏனெனில் முதிர்ந்த இருமயப் பெண்மீனில் சினையே உடல் எடையில் பத்தில் ஒரு பங்கைத் தாண்டக்கூடும். குடல், சினை நீக்கிய எடையே பேசும் எடை.

தலை நீளம், உடல் உயரம் போன்ற அளவுகளுக்கும் இதே எச்சரிக்கை பொருந்தும். மீன் வளர வளர உடல் விகிதங்கள் மாறும். 100 கிராம் மீனையும் 400 கிராம் மீனையும் பக்கத்தில் வைத்து 'வடிவ வேறுபாடு' காண்பதில் பொருளில்லை. உடல் நீளத்துக்கு ஈடுசெய்த பிறகே ஒப்பிட வேண்டும்.

எனவே கட்டுரை அனுப்புவோருக்கு இவ்விதழ் வைக்கும் வேண்டுகோள்: அளந்த ஒவ்வொரு மீனின் மும்மயச் சான்று, தொட்டிவாரி இருப்படர்த்தி, குடலும் சினையும் நீக்கிய எடை ஆகிய மூன்றையும் அட்டவணையில் சேர்த்து அனுப்புங்கள்.