பாலம் 'வசதி'யா, பாதுகாப்பா?

புது தில்லி: மும்பையின் பிரபாதேவி புறநகர் ரயில் நிலையம் 2018 ஜூலை வரை எல்ஃபின்ஸ்டன் ரோடு என்றே அழைக்கப்பட்டு வந்தது. 1853 முதல் 1860 வரை பம்பாய் ஆளுநராக இருந்த எல்ஃபின்ஸ்டன் பிரபுவின் பெயர் அது. பெயர் மாறுவதற்குப் பத்து மாதங்களுக்கு முன், 2017 செப்டம்பர் 29-ஆம் தேதி காலை, இந்நிலையத்தையும் அருகிலுள்ள பரேல் நிலையத்தையும் இணைக்கும் நடைமேம்பாலத்தில் ஏற்பட்ட நெரிசலில் 23 பேர் உயிரிழந்தனர்.

ஒருநாள் மழையில் உருவான நெரிசல் அல்ல அது. பஞ்சாலைகள் சூழ்ந்த இப்பகுதிக்கு ஒருகாலத்தில் பெரும்பாலும் அக்கம்பக்கத்துத் தொழிலாளர்களே வந்து சென்றனர். 1982-இல் தொடங்கிய வேலைநிறுத்தத்துக்குப் பின் ஆலைகள் ஒவ்வொன்றாக மூடப்பட்டன. நில விதிகளில் 2001-இல் மாநில அரசு செய்த திருத்தத்தை 2006-இல் உச்ச நீதிமன்றம் ஏற்றது. ஆலை நிலங்களில் அலுவலகக் கோபுரங்கள் எழுந்தன. அங்கு பணிபுரிவோர் தொலைதூரப் புறநகர்களிலிருந்து ரயிலில் வந்தனர். நிலையமோ சாதாரண மின்சார ரயில்கள் மட்டும் நிற்கும் சிறு நிலையமாகவே நீடித்தது.

நிலத்தில் என்ன கட்டலாம் என்பதை மும்பை தீர்மானிக்கிறது. நிலையத்துக்கு எவ்வளவு செலவிடலாம் என்பதைத் தில்லி தீர்மானிக்கிறது. போதாக்குறைக்கு, பிரபாதேவி மேற்கு ரயில்வேயையும், பரேல் மத்திய ரயில்வேயையும் சேர்ந்தவை. புதிய பாலத்துக்கு முன்பே ஒப்புதல் கிடைத்திருந்தும், விபத்து நேர்ந்த நாளில் கட்டுமானப் பணி தொடங்கியிருக்கவில்லை.

ஆனால், 2017 அக்டோபர் 31-இல் பொறுப்பு ராணுவத்திடம் ஒப்படைக்கப்பட்டதும், நான்கே மாதங்களில், 2018 பிப்ரவரி 27-இல், பாலம் திறக்கப்பட்டது. பணமோ தொழில்நுட்பமோ தடையாக இருக்கவில்லை என்பதற்கு இதைவிடச் சான்று தேவையில்லை.

தடை கோப்புகளில் இருந்தது. அதுவரை நடைமேம்பாலம் என்பது ரயில்வே கணக்கில் 'பயணிகள் வசதி'. காத்திருப்பு அறை, இருக்கை போன்றவற்றுடன் நிதிக்காக வரிசையில் நிற்க வேண்டிய இனம். விபத்துக்கு மறுநாள்தான் அன்றைய ரயில்வே அமைச்சர் பியூஷ் கோயல், நடைமேம்பாலங்கள் கட்டாயத் தேவையாகக் கருதப்படும் என அறிவித்தார். பாதுகாப்புப் பணிகளுக்குச் செலவிடப் பொது மேலாளர்களுக்குக் கூடுதல் அதிகாரமும் வழங்கப்பட்டது. 2019 மார்ச்சில் பரேலிலிருந்தே புறப்படும் ரயில்களும் தொடங்கின.

எனினும், முடிவெடுக்கும் முறை மாறியதாகத் தெரியவில்லை. 2025 ஜூன் 9-ஆம் தேதி மும்ப்ரா அருகே ஓடும் புறநகர் ரயில்களிலிருந்து பயணிகள் விழுந்து உயிரிழந்த அன்றே, இனித் தயாராகும் மும்பைப் புறநகர் ரயில்கள் அனைத்திலும் தானியங்கிக் கதவுகள் பொருத்தப்படும் என்று ரயில்வே அறிவித்தது.

உயிர்கள் பலியான பிறகே ஒரு தேவை 'வசதி'ப் பட்டியலிலிருந்து 'பாதுகாப்பு'ப் பட்டியலுக்கு நகருமானால், அடுத்து நகரப்போவது எது என்பதை விபத்துகளே தீர்மானிக்கும். நகரின் வளர்ச்சித் திட்டத்துக்கு அனுமதி தரும்போதே அருகிலுள்ள நிலையத்தின் கொள்ளளவையும் மத்திய, மாநில அரசுகள் சேர்ந்து கணக்கிடுவதே இதற்கு மாற்று. பெயர்ப்பலகையை மாற்றுவதைவிட அது கடினம்; ஆனால், பயணிகளுக்குத் தேவை அதுதான்.