குறும்பெனக் கண்டதும் அச்சமென அறிந்ததும்

விழா மலருக்குக் கட்டுரை வேண்டுமெனப் பழைய மாணவர் சங்கத்தார் கேட்டபோது, தமிழாசிரியனாகிய நான் கந்தபுராணத்தைப் பற்றியோ விபுலாநந்த அடிகளாரின் யாழாராய்ச்சியைப் பற்றியோ எழுதுவேன் என எண்ணியிருப்பர். நான் எழுதப் புகுவதோ ஐந்து வயதுச் சிறுவன் ஒருவனைப் பற்றியாகும். அன்பர்கள் பொறுத்தருள்க.

2005 ஆம் ஆண்டின் முற்பகுதி. எழுவான்கரையிலே, ஆழிப்பேரலையால் இடம்பெயர்ந்தோரின் பிள்ளைகள் நிறைந்திருந்த பாடசாலை ஒன்றில் நான் புதிய ஆசிரியன். முதலாந் தரத்து ஆசிரியை விடுப்பிலிருந்தமையால் அவ்வகுப்பும் சில கிழமைகள் என் பொறுப்பாயிற்று. அங்கே ஒரு சிறுவன் புத்தகப் பையை முதுகினின்றுங் கழற்ற மாட்டான். எங்கு இருத்தினாலும் எழுந்து வாசலோரம் போய்க் குந்துவான். நான் அடக்க முயன்றேன், அவன் அடங்கவில்லை. ஒருநாள் பையைப் பறித்து அலுமாரியின் மேல் வைத்துவிட்டு, அவனைச் சுவரோரம் நிறுத்தினேன். அவன் அழவில்லை. நின்ற இடத்திலேயே சிறுநீர் கழித்தான். பிள்ளைகள் சிரித்தனர். மூன்று நாள் அவன் வரவில்லை.

நான்காம் நாள் அவனுடைய பெத்தா அவனைக் கூட்டி வந்தார். “சேர், வீட்டிலயும் இவன் கதவடியிலதான் படுக்கான். ஓடுறதுக்கு லேசா இருக்கும் எண்டு சொல்றான். பையை மட்டும் வாங்காதீங்க சேர்” என்றார். 2004 மார்கழி 26 ஆம் நாட் காலையிற் கடலோடு போனவர்களுள் அவன் தாயும் ஒருவர் என்பதை அதன் பின்னரே அறிந்தேன். நான் அடங்காமை என்று பெயரிட்டது ஓடுவதற்கான ஆயத்தமன்றோ! அதனை வினவியறிய எனக்கு ஒரு நிமிடம் போதியிருக்கும். அந்த ஒரு நிமிடத்தை நான் செலவிடவில்லை.

அவ்வாண்டிலேயே பாடசாலைகளில் உடற்றண்டனையை விலக்கிக் கல்வி அமைச்சு 2005/17 ஆம் இலக்கச் சுற்றுநிருபத்தை வெளியிட்டது. பிரம்பு பல வகுப்புகளினின்றும் மறைந்தது உண்மையே. எனினும் ஏச்சும், சுவரோரம் நிறுத்தலும், ‘இவன் திருந்தான்’ என்ற தீர்ப்பும் எந்தச் சுற்றுநிருபத்துக்கும் அகப்படாமல் இன்றும் உலவுகின்றன.

பேரச்சங் கண்ட பெரியவர் அதனைச் சொல்லி அழுவர். சிறு குழந்தைக்கு அச்சொல் இல்லை; நடத்தையே அதன் மொழி. பேசிக்கொண்டிருந்த பிள்ளை பேச்சைக் குறைக்கும். பாய் நனைப்பதை மறந்திருந்த பிள்ளை மீண்டும் நனைக்கும், விரல் சூப்பும், தாயின் சேலைத் தலைப்பை விடாது. வயிறு நோகிறது என்னும். வைத்தியர் நோயொன்றுங் காணார். கதவு அடிபட்டால் துள்ளி எழும். ஒரே விளையாட்டை, முகத்தில் மகிழ்ச்சியின் சாயலே இன்றி, திரும்பத் திரும்ப ஆடும். மணலில் வீடு கட்டி, நீரூற்றி அழித்து, மீண்டுங் கட்டி அழித்த பிள்ளைகளை அந்நாளில் நம் கரையிற் காணாதவர் யார்? இவற்றினும் எளிதில் நம் கண்ணுக்குத் தப்புவது ஒன்றுண்டு. அசையாமல், வாய் திறவாமல், சொன்னதைச் செய்துகொண்டு மூலையில் இருக்கும் பிள்ளையை நாம் நல்ல பிள்ளை என்று மெச்சி விட்டுவிடுகின்றோம்.

உளமருத்துவப் பேராசிரியர் தயா சோமசுந்தரம் அவர்கள் ‘மனவடு’ என்னும் பெயரில் நூலொன்று எழுதினார். அருமையான சொல். ஆயினும் தமிழாசிரியன் என்ற முறையில் ஒன்று கூற விழைகின்றேன். வடுவென்பது புண் ஆறியபின் எஞ்சுவது. ஐந்து வயதுக் குழந்தையிடத்து நாம் காண்பது பெரும்பாலும் இன்னும் ஆறாத புண். ஆகவே ஆற்றக்கூடியதும் ஆகும்.

இரண்டாம் உலகப் போரிற் குண்டு வீழ்ந்த இலண்டனிலே குழந்தைகள் காப்பகம் நடத்திய அன்னா பிராய்ட், டொரத்தி பேர்லிங்கம் என்னும் இரு பெண்மணியரும், தாயின் அணைப்பில் இருந்து குண்டுவீச்சைக் கண்ட குழந்தையினும் தாயைப் பிரிந்த குழந்தையே மிகவும் வாடியது என எழுதினர். நம் மட்டக்களப்பிலும் இவ்வழியில் உழைத்தோர் உளர். 1996 இல் அருட்டந்தை போல் சற்குணநாயகமும் கனடிய ஓவியர் போல் ஹோகனும் தொடங்கிய வண்ணத்துப்பூச்சிப் பூங்காவிலே, தமிழ்ப் பிள்ளைகளும் முஸ்லிம் பிள்ளைகளும் ஒன்றுகூடிக் களிமண் பிசைந்தனர், படம் வரைந்தனர், கதை கட்டி நடித்தனர். ‘என்ன கண்டாய், சொல்’ என்று அங்கே குழந்தையை நெருக்கவில்லை.

போரும் ஆழிப்பேரலையும் பழங்கதையாயினவே என்பார் சிலர். 2019 சித்திரை 21 ஆம் நாள் சீயோன் தேவாலயத்திற் குண்டு வெடித்தபோது மாண்டவருட் பலர் குழந்தைகள். உயிர் தப்பிய குழந்தைகள் நம் வகுப்பறைகளுக்கே வந்தனர். படுவான்கரையில் இரவிலே யானை வீட்டை இடிக்கக் கண்ட பிள்ளை உண்டு. தாய் வெளிநாட்டு வேலைக்குச் செல்ல, தந்தையின் குடிக்கும் அடிக்கும் நடுவில் வளரும் பிள்ளை உண்டு. வடகிழக்குப் பாடசாலைப் பிள்ளைகளிடத்துச் செய்யப்பெற்று 2008 இல் வெளியான ஆய்வொன்று, போரோடும் பேரலையோடும் வீட்டு வன்முறையையும் சேர்த்தே அவர்தம் துன்பத்துக்குக் காரணங் காட்டியது.

இனி, குறும்பெல்லாம் மனக்காயமே என்று சாதிப்பதும் தவறு. குழந்தை குறும்பு செய்யும், செய்யவும் வேண்டும். பெரும்பாலான பிள்ளைகள், நம்பத்தக்க ஒருவர் உடனிருக்க, நாள்தோறும் அதே மணிக்கு அதே பாட்டோடு தொடங்கும் வகுப்பு வாய்க்கத் தாமே தேறுவர். ஒரு மாதங் கடந்தும் தேறாத பிள்ளையை உளநலப் பிரிவிற் காட்டுதல் வேண்டும். அங்கே செல்வதை இழுக்கெனக் கருதும் பெற்றோரிடம் இதமாகப் பேசி அழைத்துச் செல்வதும் ஆசிரியரின் கடனே.

விழா நிதியைக் கொண்டு தோரணவாயில் எழுப்புவதென ஒரு கருத்து நிலவுகின்றது. வாயில் அழகியதுதான். ஆனால் அதனுள் நுழையும் பிள்ளைகள் இரு கரைகளிலுமுள்ள முன்பள்ளிகளிலிருந்து வருகின்றனர். அங்குக் கற்பிக்கும் பெண்களோ சொற்ப வேதனம் பெறுவோர். ஆண்டுக்கு ஒருமுறை அவர்களை நம் மண்டபத்திற்கு அழைத்து, உளநல மருத்துவர் ஒருவரைக் கொண்டு மூன்று நாட் பயிற்சி அளித்தால் என்ன? போக்குவரத்துச் செலவும் மதிய உணவும் நாம் கொடுக்கலாம். வாயிலுக்கென என் பெயரிற் குறிக்கப்பட்ட தொகையை நான் இன்னுஞ் செலுத்தவில்லை. அஃது எந்தக் கணக்கிற் சேரவேண்டும் என்பதை அடுத்த பொதுக்கூட்டத்திற் கேட்பேன்.