மூக்கு வியாபாரம்

"கத்தியில்லை, ரத்தமில்லை, அரை மணி நேரத்தில் மூக்கை நிமிர்த்துகிறோம்" என்ற விளம்பரம் பெருநகர் வரை, நம் கைப்பேசிக்குள்ளேயே வந்துவிட்டது. நாற்று நடுகிற வீட்டுப் பெண்ணும் பார்க்கிறாள். ஒரகடத்து ஆலைக்குப் பஸ் ஏறுகிற பையனும் பார்க்கிறான். பார்ப்பது குற்றமில்லை, தோழர்களே! நல்ல முகம் வேண்டுமென்ற ஆசையைப் பணக்காரனுக்கு மட்டும் யாரும் பட்டா எழுதித் தரவில்லை. பெண்களைப் பழிக்கும் உபதேசிகளோடு நமக்குச் சம்பந்தமில்லை. நாம் கேட்பது ஒன்றுதான்: ஊசி போட்டவன் காசோடு போய்விடுகிறான், மூக்கு அழுகினால் யார் செலவில் திருத்துவது?

ஊசியில் ஏற்றுவது பெரும்பாலும் ஹைலூரானிக் அமிலம் என்னும் கூழ். மூக்கின் ரத்தக் குழாய்கள் மெல்லியவை. கண்ணுக்குப் போகும் குழாய்களோடு தொடர்புள்ளவை. கூழ் தவறிக் குழாய்க்குள் புகுந்தால் ரத்தம் அடைபடும். தோல் வெளுத்து, பிறகு கறுத்துச் செத்துப் போகும். பார்வையிழந்தவர்களும் உண்டு. சில மணி நேரத்துக்குள் ஹைலூரானிடேஸ் என்ற மருந்தைச் செலுத்தினால் கூழ் கரையும், மூக்கு தப்பலாம். அந்த மருந்தே இல்லாத அழகு நிலையத்தில் என்ன செய்வார்கள்? "நாளைக்குச் சரியாகிவிடும்" என்று அனுப்பிவைப்பார்கள். திரவ சிலிக்கானாக இருந்தால் கரைக்க மருந்தே கிடையாது. உள்ளே வைக்கும் சிலிக்கான் துண்டோ சீழ் பிடிக்கலாம், இடம் பெயரலாம், நுனித் தோலைத் துளைத்துக்கொண்டு வெளியே வரலாம். பிறகு அதை எடுத்துப் புண்ணை ஆற்றி, பல மாதம் காத்திருந்து, காதிலிருந்தோ விலாவிலிருந்தோ குருத்தெலும்பை எடுத்து மூக்கைக் கட்ட வேண்டும். முதல் வேலையைவிட இந்தத் திருத்த வேலை கடினம்.

புதிய கதையுமல்ல. 1899இல் வியன்னா டாக்டர் கெர்சுனி உடம்புக்குள் பாரஃபின் ஏற்றத் தொடங்கினார். சீக்கிரமே அது சீமாட்டிகளின் மூக்குக்கும் போயிற்று. பின்னால் மார்ல்பரோ கோமகளான கிளாடிஸ் டீக்கனுக்கு அந்த மெழுகு மோவாய்க்கு வழிந்து முகமே கெட்டது. கோமகளுக்கு ஒளிந்துகொள்ள மாளிகை இருந்தது. நாளைக்குக் கூலிக்குப் போகவேண்டியவள் எங்கே ஒளிவாள்?

இந்த வித்தை பிறந்ததோ மினுக்குவதற்காக அல்ல. மூன்றாம் மைசூர்ப் போரில் ஆங்கிலப் படைக்கு மாடு ஓட்டிய கவாஸ்ஜி என்பவர் திப்புவின் படையிடம் பிடிபட்டு மூக்கறுபட்டார். புனா அருகே ஒருவர் அவர் நெற்றித் தோலை வெட்டி, மடித்து, புது மூக்கு வைத்தார். 1794இல் லண்டன் பத்திரிகை அதைப் படத்தோடு போட்டது. அதைப் பின்பற்றி 1814இல் கார்ப்யூ என்ற ஆங்கில டாக்டர் லண்டனில் செய்து புகழ் பெற்றார். புனாக்காரரின் பெயரையோ பத்திரிகை போடவில்லை. செங்கல் செய்யும் சாதிக்காரர் என்பதோடு விட்டுவிட்டது! சூளையில் வேகிறவர்களின் பெயரை அன்றும் யாரும் கேட்கவில்லை. மாட்டுக்காரனுக்கு உழைப்பாளி வைத்த மூக்கு இன்று கடைச்சரக்காகிவிட்டது.

ஸ்டான்லியிலும் கீழ்ப்பாக்கத்திலும் பிளாஸ்டிக் அறுவைப் பிரிவுகள் மக்கள் பணத்தில் நடக்கின்றன. பிரதமர் காப்பீட்டில் அழகு சிகிச்சைக்கு இடமில்லை. மினுக்குக்குப் பொதுப்பணம் வேண்டாம், சரி. ஆனால் அழுகிய மூக்கு மினுக்கல்ல, காயம். அதைக் காயமென்றே பதிந்து சிகிச்சை தரவேண்டும். மருத்துவ நிலையங்களை ஒழுங்குபடுத்தத் தமிழகத்தில் 1997ஆம் ஆண்டுச் சட்டம் இருக்கிறது. ஊசி போடும் ஒவ்வோர் இடத்தின் வாசலிலும் டாக்டரின் பெயரும் பதிவெண்ணும் தொங்கட்டும். கரைக்கும் மருந்து உள்ளே இருக்கட்டும். திருத்த அறுவைச் செலவை முதல் ஊசி போட்டவனிடமே அரசு வசூலிக்கட்டும்.